அண்ணிக்குக் கட்டிய பச்சை அட்டை

அந்த வீட்டில் எதைப் பங்கு போட்டாலும் சின்னவளைத்தான் கூப்பிடுவார்கள். பழத்தை நறுக்கினாலும் சரி, படுக்க இடம் பிரித்தாலும் சரி, அவள் கை பட்டுவிட்டால் ஒருவருக்கும் மறுபேச்சு இருக்காது. எல்லாருக்கும் ஒரே அளவாக வைத்துவிட்டு, ஓரத்தில் நசுங்கிக் கிடப்பதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அண்ணன்தான் அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டிலேயே படுத்துத் தூங்கியது. தராசு மட்டும் அவளோடு தெருவுக்குப் போய், பள்ளிக்குப் போய், கடைசியில் நர்சிங் கல்லூரி வரைக்கும் நடந்து போனது.

அந்தத் தராசில் ஒரு கோளாறு இருந்ததை முதலில் கண்டுபிடித்தவள் அண்ணி.

"ஏய் தராசு, ஊருக்கெல்லாம் நல்லாத்தான் நிறுக்கற. உன் பங்குன்னு வந்தா முள்ளு சாஞ்சுடுது. உனக்கு மட்டுமா? உன்னை ஒட்டினவங்களுக்கும் சேர்த்தில்ல குறைச்சுடற! வீட்டுக்கு ஆள் வந்தா உன் அண்ணனுக்கும் எனக்கும் நசுங்கினதுதான். நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சின்னவளும் சிரித்துவிட்டு அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது சின்னவள் இன்னும் பள்ளிச் சீருடையில்தான் இருந்தாள். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவின் தங்கை, சித்தி, தினமும் வந்து சமைத்து வைத்துவிட்டு, சமைத்ததைச் சொல்லிக் காட்டிவிட்டுப் போவாள். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டே வாழ்ந்தவன். அவன் வாயைத் திறந்தால் அதிசயம். அப்படிப் பேச்சற்றுக் கிடந்த வீட்டுக்குள் அண்ணி வந்தாள். வந்தவள் அடுப்போடு பேசினாள், குழாயோடு பேசினாள், மூடாத கதவைத் திட்டினாள், மூடிய கதவையும் திட்டினாள். தூக்கத்தில்கூட யாருக்கோ பதில் சொன்னாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. "நிறுத்தற குமிழ் மட்டும் கம்பெனிக்காரன் வைக்க மறந்துட்டான்" என்பான். ஒரு வாரத்துக்கு அவன் பேசுகிற பேச்சு அது ஒன்றுதான்.

அண்ணி தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். வீட்டிலும் ஒரு மிஷின் உண்டு. ஒருநாள் வீட்டு மிஷினில் ஊசி அவள் விரல் நகத்தோடு இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அலறினாள். சித்தி தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வரவே இல்லை. சின்னவள் மட்டும் அண்ணியின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சக்கரத்தை மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே தூக்கினாள். "பேசிக்கிட்டே இருங்க அண்ணி. நிறுத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே திருப்பினாள். அண்ணி பேசினாள். ஊசியையும், மிஷினையும், சித்தி இன்னும் கொண்டுவராத தண்ணீரையும் வைது தள்ளினாள். ஊசி வெளியே வந்துவிட்டது.

அன்றைக்கே அண்ணி முடிவு கட்டிவிட்டாள். "இவ நர்சுக்குத்தான் படிக்கணும். யாரு தடுத்தாலும் நான் கேக்க மாட்டேன்" என்றாள். தடுக்க ஆளில்லை. தடுத்திருந்தாலும் ரேடியோவுக்கு எதிரே யார் பேசி ஜெயிப்பது?

கல்லூரி பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டியே இருந்தது. மூன்றாம் வருடத்தில் பேரிடர் சிகிச்சை என்று ஒரு பாடம். அதை எடுத்த டீச்சர் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும்; பிள்ளைகள் வைத்த பெயரும் விசில்தான். அது அவருக்கும் தெரியும். முற்றத்தில் ஒத்திகை நடத்துவார். வகுப்பில் பாதிப்பேர் அடிபட்டவர்களாகப் படுக்க வேண்டும். மீதிப்பேர் பையில் நான்கு நிற அட்டைகளோடு வந்து, ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்த்து, மணிக்கட்டில் கட்ட வேண்டும். இப்போதே கை வைக்காவிட்டால் போய்விடுவார் என்றால் சிவப்பு. கொஞ்சம் தாங்குவார், ஆனால் படுக்க வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்றால் மஞ்சள். தானாக நடந்து போய் ஓரமாக உட்காரக்கூடியவர் பச்சை. மூச்சு நின்று, வழி திறந்து பார்த்தும் திரும்பாதவர் கறுப்பு.

சின்னவளின் தோழி ஒருத்தி, வகுப்பில் முதல் பாடத்திலேயே கண் சொருகுகிறவள், தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியவள், ஒவ்வொரு ஒத்திகையிலும் கறுப்பு அட்டைக்குத்தான் கையைத் தூக்குவாள். "மேடம், செத்தவளா நான் படுக்கறேன்." படுத்தவள் நிஜமாகவே குறட்டை விடுவாள். விசில் டீச்சர் அவள் காதருகே விசிலை ஊதி, "செத்தவ குறட்டை விடறா. இவளுக்கு மூச்சு இருக்கு. மஞ்சள் கட்டு" என்பார். முற்றமே சிரிக்கும்.

சிரிப்பு அடங்கியதும் குரல் மாறும். "கத்தறவனுக்கு மூச்சு இருக்கு. சத்தமே போடாதவன்கிட்ட முதல்ல போ. சந்தேகமா இருந்தா ஒரு படி ஏத்திக் கட்டு, இறக்கிக் கட்டாதே. கட்டின அட்டை கல்வெட்டு இல்ல, திரும்பப் போய்ப் பாரு." எந்த நேரத்தில் வந்தாலும் இந்த மூன்றையும் சொல்லாமல் போகமாட்டார்.

ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "மேடம், நம்ம வீட்டு ஆளா இருந்தா?"

விசில் டீச்சர் யோசிக்கவே இல்லை. "அட்டைக்குச் சொந்தபந்தம் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டார்கள். சின்னவள் அதை விழுங்கிவிட்டாள். அவள் சுபாவத்துக்கு அளவெடுத்துத் தைத்த வார்த்தை அது.

அந்த வாரம் முழுக்க மழை. மழை விட்ட காலையில், வகுப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், எங்கோ ஒரு சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. லாரி மண்ணை ஒரேயடியாகக் கொட்டின மாதிரி. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கி நின்றன. பிறகு சைரன் ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் ஓடிவந்து டீச்சரின் காதில் ஏதோ சொன்னான். அவர் விசிலை ஊதவில்லை. வாயால் சொன்னார். "மூணாம் வருஷம் எல்லாரும் பையை எடுங்க. இது ஒத்திகை இல்ல."

வேனில் ஏறி உட்கார்ந்தபோதுகூடச் சின்னவளுக்கு இடம் தெரியாது. வேன் பெரிய சாலையை விட்டு இடது பக்கம் திரும்பியது. சைக்கிள் கடை போனது. அச்சகம் போனது. அடுத்த திருப்பத்தில் அவள் கை தானாகத் தோழியின் முழங்காலைப் பிடித்தது.

"எங்க அண்ணி கம்பெனி" என்றாள்.

தூங்குமூஞ்சிக்கு அன்று தூக்கம் எங்கே போனதோ. பிடித்த கையின் மேல் தன் கையை வைத்தாள்.

தையல் கம்பெனியின் மொட்டை மாடியில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய கட்டடம், ஒரு வார மழை. மழையில் நிறைந்த தொட்டியின் பாரத்தைத் தளம் தாங்கவில்லை. தொட்டியோடு சேர்ந்து கூரை, மேல்தளத்துத் தையல் கூடத்தின் நடுவில் இறங்கிவிட்டது. வாசல் வரைக்கும் தண்ணீரும் சிமெண்ட் தூளும் கலந்த சேறு. அதில் மிதந்து வந்த காலர்களும் கைத்துண்டுகளும் நூல் கண்டுகளும். மேலே உடைந்த தளத்தின் ஒரு துண்டு இரும்புக் கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

சின்னவள் வேனிலிருந்து குதித்ததும் வாசலைப் பார்த்துத்தான் ஓடினாள். டீச்சர் அவள் பையின் வாரைப் பிடித்து இழுத்தார். தோள் சுளுக்கியது.

"விடுங்க மேடம், எங்க அண்ணி உள்ள..."

"மேல பாரு. என்ன தொங்குது? நீ உள்ள போனா எனக்கு ஒரு நர்ஸ் குறையும், ஒரு நோயாளி கூடும். ரெண்டும் எனக்கு வேண்டாம். தீயணைப்பு ஆளுங்க கொண்டு வருவாங்க. வர்றவங்களைப் பாரு. முடியுமா, முடியாதா? முடியாதுன்னா வேன்ல உட்காரு. தப்பில்ல."

சின்னவள் தொங்கும் தளத்தைப் பார்த்தாள். "முடியும் மேடம்" என்றாள்.

கம்பெனிக் காவலாளி வாசலுக்கும் மின்கம்பத்துக்கும் குறுக்கே கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தினார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெட்டவெளியில் சிவப்பும் மஞ்சளும். எதிரே இருந்த சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் பச்சை. ஸ்ட்ரெச்சர் போதவில்லை. துணி தேய்க்கிற நீளப் பலகைகளை எடுத்துவரச் சொல்லிக் கத்தினாள் தூங்குமூஞ்சி. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

சின்னவள் சத்தம் போடாதவரைத் தேடினாள். மதிலோரம் சாய்ந்து, கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். வாயே திறக்கவில்லை. தொடையிலிருந்து ரத்தம் சேற்றோடு சேர்ந்து போனதால் யார் கண்ணிலும் படவில்லை. கீழே கிடந்த துணியைச் சுருட்டிக் காயத்தில் அமுக்கி, அவர் இடுப்பு பெல்ட்டையே அவிழ்த்து மேலே இறுக்கினாள். அப்போதுதான் அவருக்கு வலி வந்து, சத்தம் வந்தது. "நல்லா கத்துங்க" என்று சொல்லிச் சிவப்பைக் கட்டினாள். கை வேலை செய்தது. காது மட்டும் வாசலில் இருந்தது.

காது ஏமாறவில்லை. "மெதுவா, மெதுவா, அந்தப் பொண்ணைப் பிடிங்க, என்னை விடுங்க, எனக்குக் காலு இருக்கு!" என்று ஒரு குரல் வெளியே வந்தது. பின்னாலேயே ஆள் வந்தாள். தலை முதல் கால் வரை சாம்பல் பூசின மாதிரி அண்ணி. ஒரு சிறு பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு தானே நடந்து வந்தாள். சின்னவள் பையோடு அவளிடம் ஓடினாள்.

"தராசு! நீயா! பாருடி என் மிஷினை, மேல தொட்டியே வந்து உட்கார்ந்துடுச்சு. நான் காலர் எடுக்க எழுந்தேன், அதான் தப்பிச்சேன். மேசை வந்து இங்க இடிச்சுது, வேற ஒண்ணுமில்ல." இடது விலாவை முழங்கையால் அமுக்கிப் பிடித்திருந்தாள். "என்னமோ தோள்பட்டைதான் குத்துது."

"தோள்ல எதாவது விழுந்துச்சா அண்ணி?"

"ஒண்ணும் விழல. அதான் எனக்கும் புரியல."

இடது விலாவில் அடி. அடியே படாத இடது தோளில் குத்தல். உள்காயத்தின் வலி தோளில் தெரியலாம் என்று சின்னவளின் மண்டைக்குள் எங்கோ ஒரு பாடம் கண் விழித்தது. விரல்கள் பைக்குள் போய் மஞ்சள் அட்டையைத் தொட்டன. அதே நேரம் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரல். "அங்க பாரு, அவங்க வீட்டு ஆளு போலிருக்கு. அதான் நின்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கா. எங்க வீட்டுப் பிள்ளையை யார் பார்க்கறது?"

முள் சாய்ந்தது. மஞ்சளைப் பிடித்த விரல்கள் அதை விட்டுவிட்டுப் பச்சையை எடுத்தன. அண்ணியின் மணிக்கட்டில் கட்டினாள்.

"நடந்து வந்தீங்க இல்ல. பச்சை. கொட்டகையில போய் உட்காருங்க. தண்ணி எதுவும் குடிக்காதீங்க."

அண்ணி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "நசுங்கினதா?" என்று சிரித்தாள். "போ, போ, உன் வேலையைப் பாரு. என்னை நான் பார்த்துக்குவேன்."

சின்னவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அப்போது அது பெரிய நேர்மை மாதிரித்தான் அவளுக்குத் தோன்றியது.

அடுத்தடுத்துப் பலகைகள் வந்தன. கால் திரும்பிப்போன ஒரு பெண்ணுக்கு மஞ்சள். தன் கையைப் பிடித்துக்கொண்டு அலறின ஒருத்தனுக்குப் பச்சை. போர்வையோடு கொண்டுவந்து வைத்த ஒருத்தியின் தாடையைத் தூக்கி மூச்சு வழியைத் திறந்தாள். கன்னத்தை அவள் வாய்க்கு அருகே வைத்துப் பார்த்தாள். மறுபடி திறந்தாள். காற்றே இல்லை. கறுப்பு அட்டையை எடுத்துக் கட்டினாள். ஒத்திகையில் அந்த அட்டை குறட்டை விடும். இங்கே விடவில்லை. டீச்சரிடம் போய், "மேடம், ரெண்டு சிவப்பு, அதுல ஒண்ணு கட்டுப் போட்டாச்சு, மஞ்சள் இன்னும் வருது, பஞ்சு தீரப்போகுது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அப்படிச் சுருக்கமாகச் சொல்லக் கற்றுக்கொண்டதே முற்றத்தில்தான்.

இத்தனைக்கும் நடுவில் கொட்டகையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யார் எந்த மிஷினில் இருந்தார்கள், யாரை இன்னும் காணோம் என்று தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள் அண்ணி. பக்கத்தில் அழுத ஒருவனை, "கை ஒடிஞ்சா போச்சு, தொங்கத்தானே செய்யுது, நாக்கு ஒடியலையே, பேசு" என்று மிரட்டினாள். சின்னவளின் காதில் அது விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவள் கை நிற்காமல் ஓடியது.

பிறகு ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுபோனால் நின்ற பிறகுதானே தெரியும்? சைரன் இருக்கிறது, அழுகை இருக்கிறது, கடப்பாரைச் சத்தம் இருக்கிறது. இல்லாதது எது?

கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி ஒரு சைக்கிள் சக்கரத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் ஓடினாள். "அண்ணி!"

"ம்."

"அண்ணி, பேசுங்க. என்ன செய்யுது?"

"குளிருது."

ஒரே ஒரு வார்த்தை. அண்ணியின் வாயிலிருந்து. நெற்றியில் சிமெண்ட் தூளைக் கரைத்துக்கொண்டு வேர்வை இறங்கியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. நாடியைப் பிடித்தாள், நூல் மாதிரி, தையல் மிஷின் ஓடுகிற வேகத்தில் ஓடியது. வயிற்றில் கை வைத்தாள். பலகை மாதிரி விறைத்திருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது. இது சிவப்பு.

சிவப்பு அட்டை கைக்கு வந்துவிட்டது. கட்டப் போன கை நின்றது.

வாசலில் ஆம்புலன்சில் ஓர் இடம்தான் பாக்கி. கட்டிங் மாஸ்டரைப் பலகையோடு தூக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது இதைக் கட்டினால் அவரை இறக்க வேண்டிவரும். நான் பார்த்தது நாடியையா, அண்ணியையா? முதலில் அண்ணி என்பதாலேயே குறைத்தேன். இப்போது அண்ணி என்பதாலேயே கூட்டுகிறேனோ? யோசிக்க யோசிக்க நேரம் போனது. நேரத்தோடு அண்ணியும் போய்க்கொண்டிருந்தாள்.

சின்னவள் எழுந்து நின்று தோழியைக் கூப்பிட்டாள். அவள் ஓடிவந்தாள்.

"இவங்க எங்க அண்ணி. என் கண்ணை என்னால நம்ப முடியல. நீ பாரு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு விலகி, கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் எவ்வளவு என்று அவளிடம் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. தூங்குமூஞ்சி குனிந்தாள். நாடி பார்த்தாள். நகத்தை அமுக்கி விட்டு, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். வயிற்றைத் தொட்டாள். "அக்கா, எங்க வலிக்குது?" என்று கேட்டாள். அண்ணி தோளைக் காட்டினாள். நிமிர்ந்தவள் சின்னவளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பச்சையை அறுத்தெறிந்து சிவப்பைக் கட்டிவிட்டு, "மேடம்! உள்ளே ரத்தப்போக்கு! இவங்கதான் முதல்ல!" என்று கத்தினாள்.

டீச்சர் வந்து ஒரு பார்வை பார்த்தார். கட்டிங் மாஸ்டரின் கட்டைத் தொட்டுப் பார்த்தார், நனைவு பரவவில்லை. "இவரை இறக்குங்க. இவர் அடுத்த வண்டி" என்றார்.

"என்ன சிஸ்டர், ஏத்திட்டு இறக்கறீங்க?" மாஸ்டரின் குரல் உடைந்தது. "நான்தானே முதல்ல வந்தேன். என்னை விட்டுட்டுப் போறீங்களா? நான் செத்துருவேன்."

அதே நேரம் கயிற்றைத் தாண்டிக்கொண்டு ஒருவன் வந்தான். டிப்போ கிரீஸ் கையோடு அண்ணன். பலகையில் கிடக்கிற மனைவியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

"ஏறு. நீ கூடப் போ. நீதானே நர்சு, ஏறு!"

சின்னவளின் கால் வண்டிப் பக்கம் ஓர் அடி வைத்தது. பின்னால் மாஸ்டர் அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெல்ட்டை இறுக்கினது அவள் கை. அது தளர்ந்தால் எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"நீங்க போங்க அண்ணா. வண்டில நர்சு இருக்காங்க. அண்ணியைப் பேச வச்சுக்கிட்டே போங்க. பதில் நின்னுச்சுன்னா உடனே சொல்லுங்க."

"நானா? நான் என்னத்தைப் பேசுவேன்?"

"எதையாவது. இஞ்சினைப் பத்திப் பேசுங்க. ஏறுங்க!"

கதவு மூடியது. பேசாத அண்ணன் உள்ளே வாயைத் திறந்தான் என்பதை மட்டும் கண்ணாடி வழியே பார்த்தாள். பிறகு மாஸ்டரின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தொடைக் கட்டின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். "நான் இங்கதான் இருக்கேன். அடுத்த வண்டி வர்ற வரைக்கும் இந்தக் கையை எடுக்க மாட்டேன்" என்றாள். எடுக்கவில்லை.

கடைசிப் பலகையும் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் அண்ணன் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சித்தி அதற்குள் வந்து, நடந்ததெல்லாம் பாதிக் கதையாகக் கேட்டு, மீதியைத் தானே சேர்த்து வைத்திருந்தாள்.

"வாடியம்மா. பெத்தவ மாதிரி உன்னைப் பார்த்தவளைக் கொட்டகையில தூக்கிப் போட்டுட்டு, கண்டவனுக்குக் கட்டுப் போடப் போனியாமே? இதுக்குத்தான் படிக்க வச்சாளா?"

"சித்தி, சும்மா இருங்க" என்றான் அண்ணன். நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். "நீ முதல்ல என்ன அட்டை கட்டின?"

"பச்சை."

"அப்ப அது சரியாத்தான் இருந்துச்சா?"

இங்கேதான் ஒரு பொய் சுலபமாகக் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நடந்து வந்தவர்களுக்குப் பச்சை. பாடமும் அதைத்தான் சொல்கிறது. ஒருவரும் குறை சொல்ல முடியாது. சின்னவள் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் சிமெண்ட் இருந்தது.

"இல்லண்ணா. வேற யாராவது அப்படி விலாவைப் பிடிச்சுக்கிட்டு வந்திருந்தா மஞ்சள் கட்டிப் படுக்க வச்சிருப்பேன். நம்ம ஆளுன்னு சலுகை காட்டறேன்னு சொல்லிடுவாங்களோன்னு குறைச்சுக் கட்டிட்டேன். அப்புறம் என் கூடப் படிக்கிறவளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன், அவதான் மாத்திக் கட்டினா."

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைய மௌனம் சின்னவளின் நெஞ்சில் தொட்டித் தண்ணீர் மாதிரி கனத்தது. தியேட்டர் கதவின் மேல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. யாரோ ஒரு தடவை ஓடிவந்து ரத்தப் பைகளை வாங்கிப் போனார்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மூவரும் எழுந்து, மூவரும் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் டாக்டர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். மண்ணீரல் கிழிந்திருந்தது என்றார், எடுத்துவிட்டோம் என்றார். "உயிருக்கு இனிமே பயமில்ல. ஆனா அடுத்த வண்டிக்கு நிறுத்தி வச்சிருந்தா என் கைக்கு வந்திருக்க மாட்டாங்க. யாரு இவங்களை முந்தி அனுப்பினது?"

"என் கூடப் படிக்கிறவ" என்றாள் சின்னவள்.

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அவளைக் கூப்பிட்டது இவ" என்றான்.

குழாய்களெல்லாம் எடுத்த பிறகு அண்ணிக்குக் குரல் கரகரத்து, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக விழாத மாதிரி வந்தது. சின்னவள் கட்டில் ஓரத்தில் நின்று, அண்ணனிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னாள். அழாமல் சொல்ல முயன்றாள், முடியவில்லை.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கோபமா, களைப்பா என்று தெரியவில்லை. அப்புறம் மெல்லச் சொன்னாள். "நான் அன்னிக்கே சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்ட."

"ஆமா அண்ணி."

"வலிச்சுதுடி. உன்னைக் கூப்பிடலாம்னு பார்த்தேன். நீ வேலையா இருந்த. நானும் உன்னை மாதிரியே நினைச்சுட்டேன், நம்ம ஆளுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ரெண்டு பைத்தியமும் ஒரே வீட்டுல. அது கிடக்கட்டும். வண்டில உன் அண்ணன் என்ன பேசினார் தெரியுமா? கியர் பாக்ஸைப் பத்தி! போற வழியெல்லாம் கியர் பாக்ஸ்! அதைக் கேட்டுச் செத்தா நல்லா இருக்காதேன்னுதான் பிழைச்சேன்."

அடுத்த ஒத்திகைக்கு முன்னால் விசில் டீச்சர் எல்லாரையும் முற்றத்தில் உட்கார வைத்தார். யார் யார் எதில் தடுமாறினோம் என்று சுற்றிச் சொல்லச் சொன்னார். கறுப்பு அட்டை கட்டின பிள்ளைகள் அழுதார்கள், அழ விட்டார். சின்னவளின் முறை வந்து அவள் சொல்லி முடித்ததும், விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது அரைகுறை. அட்டைக்குத்தான் சொந்தம் தெரியாது, கட்டற கைக்குத் தெரியும். கூட்டியும் கட்டும், குறைச்சும் கட்டும். இனிமே உங்க ஆளைப் பார்த்தா கையைத் தூக்குங்க, பக்கத்துல இருக்கறவ வந்து கட்டட்டும். வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல."

அன்றிலிருந்து அந்தக் கல்லூரி ஒத்திகையில் ஒருவர் உறவுக்காரராக நடிக்க வேண்டும். எந்த மாணவி கையைத் தூக்குகிறாள் என்று டீச்சர் பார்ப்பார். தூங்குமூஞ்சி அதன்பின் கறுப்பு அட்டைக்குக் கை தூக்கியதே இல்லை.

சின்னவள் இப்போது அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே அவசரப் பிரிவில் இருக்கிறாள். கட்டிங் மாஸ்டர் லேசாகக் கால் இழுத்துக்கொண்டு மாத்திரை வாங்க வருவார். வந்தால், "ஏத்தின ஆளை இறக்கின சிஸ்டர் இவங்கதான்" என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டு, அவளிடம்தான் ஊசி போட்டுக்கொள்வார்.

வீட்டில் இன்றைக்கும் பழம் நறுக்குவது அவள்தான். வைத்து முடித்ததும் அண்ணி தட்டை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி, சின்னவளின் துண்டையும் தன் துண்டையும் மற்ற துண்டுகளோடு ஒட்டி வைத்துப் பார்ப்பாள்.

"ம், பரவாயில்ல. இன்னிக்கு நிறுவை சரியா இருக்கு" என்று எடுத்துக்கொள்வாள். பிறகு பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். யாரும் நிறுத்தச் சொல்வதும் இல்லை.